திட்டமே இல்லாமல் தனியாக 50 கிலோமீட்டர்: யாராவது ஓடியிருக்கிறீர்களா?

கேள்வி, பிப்ரவரி 4

வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன், ஒரு தடவைக்கு 10 கிலோமீட்டர். பயிற்சி அட்டவணை இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், ஊர் ஊராகக் கடந்து ஒரே நாளில் 50 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க ஆசை. நான்கு மாதம் தயார் செய்யாமல் அந்தத் தூரத்தைத் தொடவே கூடாது என்கிறார் என் நண்பர். அப்படி நினைத்த மாத்திரத்தில் ஓடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

ஓடியிருக்கிறேன். போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 54 கிலோமீட்டர். கிளம்பும்போது 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து குளிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

காலை 5.10. வழக்கமான பாதை: வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரை 5, திரும்பி 5. பாலத்தின் கடைசித் தூணைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவது ஆறு வருடப் பழக்கம். அன்றைக்கும் தொட்டேன், ஆனால் திரும்பவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை லேசாக இறங்கி வளையும். அந்த வளைவைப் பேருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கால் வைத்ததில்லை. வளைவு வரை போவோம் என்று போனேன். வளைந்ததும் தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சரி, அது வரை. தொட்டியைத் தாண்டியபோது விடிந்துவிட்டது. அதற்கு மேல் இலக்கு வைத்துக்கொள்ளவே இல்லை.

12ஆவது கிலோமீட்டரில் பக்கத்து ஊர். கடைகளின் ஷட்டரைத் தூக்கும் சத்தம், தெரு கூட்டும் சத்தம், நான் ஓடும் சத்தம். அடுத்த ஊர் கொஞ்சம் பெரியது, உயரமான கட்டடங்கள். அது முடிந்ததும் தொழிற்சாலைகளின் நீண்ட மதில், ஆள் நடமாட்டமே இல்லை. 24 வாக்கில் நடைபாதை முடிந்து, சாலையும் ஒடுங்கி, இரண்டு பக்கமும் வயல். 31இல் கைபேசி அணைந்தது. அதன் பிறகு எவ்வளவு ஓடினேன் என்பதற்கு என் கணக்குத்தான் சாட்சி.

வயலில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, வண்டி நின்றுபோச்சா?" என்று கேட்டார். சும்மா ஓடுகிறேன் என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. குழாயைக் காட்டி, தலையை நனைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தண்ணீர் தலையில் விழுந்த நிமிடத்தை இப்போது எழுதும்போதும் உணர முடிகிறது.

முடிவு ஒரு ரயில்வே கேட்டில். கேட் மூடியிருந்தது, ஐந்தாறு நிமிடம் நின்றேன். திறந்தபோது முழங்கால் இரண்டும் இறுகிப்போயிருந்தன. திரும்ப ஓட்டம் எடுக்க முடியவில்லை. அங்கிருந்து நடந்தே அடுத்த ஊரின் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி 12.40.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும், ஓடுங்கள்.

பிப்ரவரி 5

தூரத்தை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கைபேசி அணையும்போது 31 காட்டியது, மணி ஏறக்குறைய 9. அப்புறம் மூன்றே முக்கால் மணி நேரம். ஓட்டமும் நடையுமாக மணிக்கு 6 கிலோமீட்டர் குறையாது என்று வைத்து 23 சேர்த்தேன். மொத்தம் 54.

நேற்றிரவு இதை எழுதிய பிறகு எனக்கே சந்தேகம் வந்து, வரைபடத்தில் பாதையைக் கோடு போட்டுப் பார்த்தேன். 31க்குப் பிறகு இருப்பது இருபதரைதான். அதனால் 51.5. நேற்று எழுதிய 54ஐ அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் இங்கே இருக்கட்டும்.

பிப்ரவரி 5, மாலை

கேட்டவரின் நண்பர் பக்கமும் நியாயம் உண்டு, அதை நேற்று சொல்லாமல் விட்டேன். 33இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அதுவரை உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மைல்கல்லில் அடுத்த ஊர் 9 என்று போட்டிருந்தது. 33ஐயும் 9ஐயும் கூட்டினேன், விடை வரவில்லை. மூன்று தடவை கூட்டினேன். பிறகு அழுகை வந்தது, காரணமே இல்லாமல். கால் வலித்து அழவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது, அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு படித்துப் புரிந்துகொண்டது இது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக நாம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை மொத்தமாக 400, 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கிலோகலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். என் எடை 64. 31ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே 2,000 வருகிறது. மெதுவாக ஓடினால் கொழுப்பும் சேர்ந்து எரியும், அதனால் சேமிப்பு இன்னும் கொஞ்ச தூரம் வரும். ஆனால் நான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதையும் வாயில் போடாமல் கிளம்பியவன். தூங்கும்போதே ஈரலின் இருப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். மூளை அந்தச் சர்க்கரையை நம்பித்தான் வேலை செய்கிறது. கூட்டல் வராததும் அழுகை வந்ததும் ஒரே காரணத்தால்தான்.

கால்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரே ஒரு நோட்டு காப்பாற்றியது. ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு கடையைப் பிடித்து, சர்க்கரை கரைத்த தண்ணீரும் பழமும் வாங்கினேன். முதல் மடக்கு வாயில் இருக்கும்போதே தலை தெளிந்த மாதிரி இருந்தது. மனப்பிரமை என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை: 2004இல் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், சர்க்கரைக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பியவர்களே ஒரு மணி நேரப் பந்தய தூரத்தை ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். விழுங்கவே இல்லை. நாக்கு ருசி பார்த்ததுமே மூளைக்குச் சேதி போய்விடுகிறது.

பிப்ரவரி 6

"தண்ணீரை எங்கே பார்த்தாலும் குடித்துவிட வேண்டும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். நானும் அதைத்தான் செய்தேன். 40க்குப் பிறகு பார்த்த குழாயில் எல்லாம் வயிறு முட்டக் குடித்தேன். விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை, குமட்டல் வேறு. தாகம்தான் என்று நினைத்து இன்னும் குடித்தேன்.

2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஓடும்போதே எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள்: இவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரம் நிறைய. நம்மைப் போன்றவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறோம். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், உயிரே போகலாம். தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் அடங்கியதும் நிறுத்துங்கள்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா என்று உடனே கேள்வி வந்துவிட்டது. கூடாது. பிரச்சினை அளவுக்கு மீறிய தண்ணீர். அந்த வெள்ளத்தை ஒரு மாத்திரை உப்பு ஈடுகட்டாது.

பிப்ரவரி 8

முதல் மாரத்தான் ஓடியவன் ஓடி முடித்ததும் செத்தான், அதையும் நினைவில் வையுங்கள் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரசீகப் படையெடுப்பைப் பற்றி எழுதிய ஹெரடோட்டஸ், ஃபெய்டிப்பிடிஸ் என்ற தூதன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி கேட்டு ஓடி, மறுநாளே போய்ச் சேர்ந்தான் என்கிறார். அவன் செத்ததாக அவர் சொல்லவில்லை. மாரத்தான் களத்திலிருந்து ஓடிவந்து வெற்றிச் செய்தி சொல்லி விழுந்து செத்த கதை, அதற்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதியவர்களிடம்தான் வருகிறது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிந்தைய கதையை வைத்துத்தான் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பந்தயம் வைத்தார்கள். 42.195 என்ற கணக்கு 1908 லண்டனில் வந்தது.

ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா ஏறக்குறைய 246 கிலோமீட்டர். ஹெரடோட்டஸ் சொன்னபடி ஒன்றரை நாளில் அதை ஓட முடியுமா என்று பார்க்க, 1982இல் ஜான் ஃபோடன் என்பவரும் பிரிட்டன் விமானப்படையைச் சேர்ந்த நண்பர்களுமாக ஐந்து பேர் கிளம்பினார்கள். மூன்று பேர் 40 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடமே அது ஸ்பார்ட்டத்லான் என்ற பந்தயமாகி, இன்றுவரை நடக்கிறது. சாவுக் கதையை நம்பி நெடுந்தூரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இந்த ஐந்து பேரைத்தான் நான் காட்டுவேன். படித்ததைக் காலால் சரிபார்க்கக் கிளம்பியவர்கள்.

பிப்ரவரி 8, இரவு

வயது கேட்டிருக்கிறீர்கள். 43. வயது இதில் பெரிய தடை இல்லை. 1983இல் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்த கிளிஃப் யங்குக்கு 61 வயது, உருளைக்கிழங்கு விவசாயி. பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல் இழுத்து இழுத்து ஓடுவார். மற்றவர்கள் தூங்கும் நேரத்திலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஐந்தே முக்கால் நாளுக்குள் முடித்துவிட்டார்.

பிப்ரவரி 11

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. முதல் நாள் நான் எழுதிய "முடியும், ஓடுங்கள்" என்ற வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திட்டமில்லாமல் ஓடினேன் என்றேன். அந்த நாளுக்குத்தான் திட்டம் இல்லை. அதற்கு முன் ஆறு வருடம் வாரம் 40, 45 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம் மட்டும் இரண்டு தடவை 21 ஓடினேன். மூச்சும் இதயமும் சில மாதத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டுகிறவர்களுக்குத்தான் எலும்பில் மயிரிழை விரிசல் வருகிறது. ஆறு வருடம் என்ற செய்தியைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னது தவறு.

நீங்கள் வாரத்துக்கு 40 ஓடுகிறீர்கள், ஆனால் எத்தனை காலமாக என்று சொல்லவில்லை. ஆறு மாதம்தான் என்றால் உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். மூன்று நான்கு வருடம் என்றால் நான் முன்பு சொன்னது நிற்கும்.

பிப்ரவரி 12

எதிலிருந்தாவது தப்பி ஓடினீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு நீக்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு மதியத்துக்குள் என் அண்ணனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பொதுவீட்டை விற்கலாமா வேண்டாமா என்று. நான்கு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். தூணைத் தொட்டபோது அது மனதில் இருந்ததா என்றால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் 31இல் கைபேசி அணைந்தபோது என் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு வயல் நடுவே இரண்டு கிலோமீட்டர், என் வாழ்க்கையிலேயே லேசாக ஓடியது அங்கேதான். அடுத்தது அந்த மைல்கல்.

திரும்பும் இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஓட்டத்தில் பாதி நேரம் மனம் வீட்டை நோக்கித்தான் இருக்கிறது. 10 கிலோமீட்டர் ஓடும் நாளில் 7ஆவது கிலோமீட்டரில் வரும் அந்தக் களைப்பு, அன்று 7இல் வரவில்லை, 17இலும் வரவில்லை. உடம்பு தன் இருப்பைப் பார்த்து, மீதித் தூரத்துக்கு ஏற்றபடி களைப்பைப் பங்குபோட்டுத் தருகிறது என்று டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க உடலியலாளர் வாதிடுகிறார். எல்லா விஞ்ஞானிகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் கால்கள் ஒப்புக்கொள்கின்றன.

பிப்ரவரி 12, இரவு

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. கைபேசி அணைந்து எனக்கு லேசான அதே நேரத்தில் வீட்டில் என் மனைவி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அழைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணி நேரம். பேருந்து நிலையத்தில் ஒருவரிடம் கைபேசி வாங்கி அழைத்தபோது, குரலைக் கேட்டதும் எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள். அன்றைய ஓட்டத்தில் நான் வருத்தப்படுவது இது ஒன்றுக்குத்தான். யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லாவிட்டால் ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். பாலத்தைத் தாண்டும்போதே "இன்று நேரமாகும்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும்.

பிப்ரவரி 15

கால் பற்றிய கேள்விகளுக்கு மொத்தமாக.

வண்டிகளைப் பார்த்தபடி எதிர்ப்புறமாக ஓடினேன், அதுதான் பாதுகாப்பு. ஆனால் சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், மழைநீர் வடிய. மணிக்கணக்கில் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். எனக்கு அந்த முழங்காலின் வெளிப்பக்கம்தான் இரண்டு வாரம் வலித்தது. மண்பாதை கிடைத்தால் இறங்கிவிடுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, அதில்தான் தசை இழைகள் அதிகம் சிதைகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள் உச்சம். செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன்.

பருத்திச் சட்டை வேண்டாம். ஈரம் உலராது. மார்புக் காம்பு உராய்ந்து ரத்தம் வந்து, சட்டையில் இரண்டு கோடு. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் பயந்து எழுந்து போய்விட்டார். வாசலின் தடவினால் போதும். கொப்புளம் மூன்று.

நாய்கள்: நடந்தால் விட்டுவிடுகின்றன. ஓடினால்தான் துரத்துகின்றன.

பிப்ரவரி 16

ஆமாம், அண்ணனுக்குப் பதில் சொன்னேன். அன்று மாலையே. விற்க வேண்டாம் என்று.

மார்ச் 2

திரும்ப அப்படி ஓடினீர்களா என்று கேட்டவருக்கு. டிசம்பரில் முயன்றேன். "இன்று திட்டமில்லாமல் ஓடப்போகிறேன்" என்று திட்டம் போட்டு, பையில் பழம், உப்பு, காகிதத்தில் எண், மனைவியிடம் சொல்லிவிட்டு. தூணைத் தொட்டுத் தாண்டினேன், வளைவு, தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு இடத்திலும் போன தடவை இங்கே எத்தனை மணிக்கு வந்தேன் என்றே மனம் கணக்குப் போட்டது. 22இல் பேருந்து ஏறிவிட்டேன். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு ஓட்டம்.

மார்ச் 9

இன்று சைக்கிளில் அதே பாதையை அளந்தேன். சக்கரத்தில் மீட்டர் பொருத்தி, கேட்டைத் தாண்டிப் பேருந்து நிலையம் வரை.

கைபேசி காட்டிய 31 முதலில் தவறு. கட்டடங்கள் நெருங்கிய ஊருக்குள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கிறது. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான் வீடுகளுக்குள் புகுந்து புகுந்து ஓடிய மாதிரி கோடு போகிறது. அந்த வளைவெல்லாம் தூரத்தில் சேர்ந்துவிட்டது. உண்மையில் 29.6. அடுத்த பகுதியில் வரைபடத்தில் சாலையைப் பிடித்துக் கோடு போட்டிருந்தேன். நான் வாய்க்கால் கரையில் குறுக்காகப் போனது மறந்துவிட்டது. இன்று அந்தக் கரையைப் பார்த்ததும் நினைவு வந்தது. அது 19.8.

மொத்தம் 49.4. அதிலும் கேட்டுக்குப் பிறகு 1.9 நடை.

மைல்கல்லில் 9 என்றுதான் போட்டிருக்கிறது, அது சரி. மோட்டார் போட்ட பெரியவர் அங்கே இருந்தார், என்னை நினைவில்லை. வண்டி நின்றுபோச்சா என்று கேட்டாரே என்றேன். சைக்கிளைப் பார்த்து, "இப்போதாவது வண்டி கிடைத்ததே" என்றார்.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் கேட்டது 50. நான் 50 ஓடியதில்லை. அந்தத் தூரத்துக்கு வேறு யாராவது பதில் சொல்லட்டும்.